வேட்பாளரிடம் யாரும் கேட்காதது

கேள்வி (வாசகர், சென்னிமலை): ஏனுங்க, தேர்தல் வந்தால் டிவிக்காரர்கள் எல்லா வேட்பாளரிடமும் "வெற்றி வாய்ப்பு எப்படி இருக்கு?" என்றே மைக்கை நீட்டுகிறார்களே, உருப்படியாக ஏதாவது கேட்டால் என்னங்க?

பதில்: அந்தக் கேள்விக்கும் படிக்க வேண்டாம், பதிலுக்கும் படிக்க வேண்டாம், இரண்டு பேருக்கும் வேலை சுலபம். உங்கள் பக்கத்தில் நொய்யல் ஆற்றில் இருக்கிற ஒரத்துப்பாளையம் அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த அணை, திருப்பூர் சாயத்தண்ணி வந்து சேர்ந்ததில், தேக்கினால் இங்கே பாழ், திறந்தால் கரூர் வரைக்கும் பாழ் என்று ஆகிப்போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்புறம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு மறுபடி ஓட ஆரம்பித்தன. சரி, தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள், காய்ச்சி வற்றவைத்த பிறகு மிஞ்சுகிற கலவை உப்பு எங்கே போகும்? மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்குகிறார்கள். "அந்த மூட்டைகளை யார் செலவில், எந்த ஊரில் கொண்டுபோய் வைப்பீர்கள்?" என்று ஒருத்தர் மைக்கை நீட்டட்டும். பட்டறை முதலாளியையும் பகைக்க முடியாது, தோட்டத்துக்காரரையும் பகைக்க முடியாது, ஆள் எந்தப் பக்கம் என்று அங்கேயே தெரிந்துவிடும். மழை ராத்திரியில் நொய்யலில் நுரை பொங்கினால் எந்த அதிகாரிக்குப் போன் போடுவீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

கேள்வி (வாசகர், அன்னூர்): அத்திக்கடவு-அவினாசித் திட்டம்தான் வந்துவிட்டதே, இனி எங்களுக்குக் கேட்க என்ன இருக்கிறது?

பதில்: பவானி உபரி நீரை மோட்டார் வைத்து ஏற்றி, குழாய் வழியாகக் குளம் குட்டைகளை நிரப்புகிற அந்தத் திட்டம் வந்தது, 2024 ஆகஸ்டில். அன்றிலிருந்து அது யார் கொண்டுவந்தது என்ற சண்டைதான் நடக்கிறது, டிவியிலும் அதுவே விவாதம். வேட்பாளரிடம் கேட்க வேண்டியது வேறு: காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரி நீர் போனால்தானே மோட்டார் ஓடும், உபரி இல்லாத வருஷம் என்ன செய்வதாக உத்தேசம்? மேட்டுக்கு ஏற்றுகிற கரண்ட் செலவுக்கும் குழாய் பராமரிப்புக்கும் வருஷா வருஷம் பணம் ஒதுக்க வைப்பீர்களா? 1,045 குளம் குட்டை என்கிறார்களே, உங்கள் தொகுதியில் இன்னும் நனையாத குட்டைகளின் பெயர் சொல்ல முடியுமா? கடைசிக் கேள்வியை ஸ்டுடியோவில் வைத்துக் கேட்காமல் அந்தக் குட்டைக்கரையில் நிற்க வைத்துக் கேட்கணும்.

கேள்வி (வாசகி, தாராபுரம்): டிவி கேட்காவிட்டால் நாங்களே கேட்டுவிடலாமுங்களா?

பதில்: தாராளமாகக் கேளுங்க அம்மணி. ஆரத்தித் தட்டில் நோட்டு விழுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.