பிள்ளைக்கு ஊசி, அம்மம்மாவுக்குக் குளிசை: இரண்டும் ஒரே நீரிழிவா?

ஒன்பது வயது மகனுக்கு வகை 1 நீரிழிவு என்று இன்சுலின் ஏற்றுவதாகவும், நீண்டகாலமாகச் சீனி வருத்தம் உள்ள அம்மம்மா குளிசையுடனேயே இருப்பதாகவும் எழுதி, மகனுக்கும் ஊசியை நிறுத்திக் குளிசை கேட்கலாமா என்று வினவியுள்ளீர்கள். வேண்டாம், ஒரு நேர ஊசியைக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். வன்னியில் நீரிழிவுக் கிளினிக் ஒன்றில் தாதியாகப் பணியாற்றும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விதான் இது.

இரத்தத்திலுள்ள சீனியை உடல் பயன்படுத்த உதவுவது இன்சுலின். வகை 1 இல் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே சதையியில் (கணையத்தில்) அதைச் சுரக்கும் கலங்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. ஆகவே குளிசையால் தூண்டுவதற்கு அங்கே அனேகமாக எதுவும் மிஞ்சுவதில்லை. இனிப்புக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அயலவர் சொன்னால் அதை மனதில் எடுக்காதீர்கள், அது உண்மையல்ல. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்க, இரத்தத்தில் கீற்றோன் என்னும் பொருள்கள் சேர்ந்து அமிலத்தன்மை கூடும். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக மூச்சு வாங்குதல் ஆகியவற்றைக் கண்டால், வயிற்றுக் குழப்பம் என்று வீட்டில் வைத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். 1922 இல் தொரன்றோவில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்படும் வரை, இந்நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துபோயினர்.

அம்மம்மாவுக்கு இருப்பது பெரும்பாலும் வகை 2 ஆக இருக்கும். அதில் சதையி இன்சுலினைச் சுரந்தாலும் ஈரலும் தசைகளும் அதற்குச் சரிவர இணங்குவதில்லை. மெட்போமின் போன்ற குளிசை, ஈரல் குளுக்கோசை வெளிவிடுவதைக் குறைத்து உதவுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சுரப்பும் குறைவதால் அவருக்கும் ஊசி தேவைப்படலாம். ஊசி தொடங்கினால் கடைசிக் கட்டம் என்ற பேச்சை நம்பிப் பலர் அதைத் தள்ளிப்போடுவதும், பனங்கட்டி என்றால் சீனி ஏறாது என்று தேநீரோடு கடிப்பதும் எனக்கு ஒரேயளவு எரிச்சலூட்டுபவை.

கர்ப்பகாலத்தில் தோன்றும் நீரிழிவு பெரும்பாலும் பிரசவத்தோடு நீங்கிவிடும். ஆயினும் அத்தாய்க்குப் பின்னாளில் வகை 2 வரும் வாய்ப்பு அதிகம்.

வீட்டில் குளிர்சாதனப்பெட்டி இல்லை என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். எங்கள் வெயிலில் இன்சுலின் வீரியம் இழந்துவிடும். ஆகையால் மண்பானைக்குள் சிறிய மண்முட்டி ஒன்றை வைத்து, இடைவெளியை மணலால் நிரப்பி, அதை எப்போதும் ஈரமாக வைத்திருந்து, முட்டிக்குள் போத்தலை நீர் படாமல் மூடிவையுங்கள். திறந்த போத்தலை எத்தனை நாள் பாவிக்கலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டு, திறந்த திகதியை அதன்மேல் எழுதிவிடுங்கள்.