லண்டனில் பேருந்து வருவது சிக்னலுக்கு எப்படித் தெரிகிறது?

'பேருந்து நெருங்கினால் பச்சை விழுகிறதே, கேமரா பார்த்துச் சொல்கிறதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கேமரா அல்ல, பேருந்தே சொல்கிறது.

முதலில், எல்லா வண்டிகளின் நெரிசலையும் சிக்னல் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்போம். 1970களில் பிரிட்டனில் உருவான 'ஸ்கூட்' என்ற முறையில், சாலைக்கு அடியில் கம்பிச்சுருள் புதைத்திருப்பார்கள். மேலே வண்டியின் உலோகம் வந்தால் சுருளின் மின்தூண்டல் மாறும். அதை வைத்து வரிசையின் நீளத்தைக் கணித்து, பச்சை நேரத்தைச் சில நொடிகள் கூட்டும், குறைக்கும்.

ஆனால் அந்தச் சுருளுக்கு எண்பது பேர் ஏறிய பேருந்தும் ஒற்றை ஆள் போகும் காரும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் லண்டன் பேருந்துகளில் 'ஐபஸ்' என்ற முறை. பேருந்தில் ஜிபிஎஸ் இருக்கும். வரைபடத்தில் குறித்துவைத்த புள்ளியைத் தாண்டியதும் சந்திப்புக்கு ரேடியோவில் செய்தி போகும். பச்சை எரிந்துகொண்டிருந்தால் கொஞ்சம் நீளும். சிவப்பென்றால் பச்சை சீக்கிரம் வரும். சாலையைத் தோண்ட வேண்டியதில்லை.

சிக்கல் நிறுத்தங்களில்தான். சிக்னலுக்குச் சற்று முன்னால் நிறுத்தம் இருந்தால், ஆள் ஏறி இறங்குவதற்குள் வாங்கிய பச்சை வீணாகிவிடும். ஆகவே புள்ளியை நிறுத்தத்தைத் தாண்டி வைப்பார்கள்.

எனக்குப் பிடித்த அம்சம்: எல்லாப் பேருந்துக்கும் சலுகை தர வேண்டியதில்லை. தாமதமானதற்கு மட்டும் கொடுக்கலாம். நேரத்துக்கு முன்பே போகும் பேருந்தையும் விரைவுபடுத்தினால், அது தனக்கு முன்னால் போவதைப் பிடித்துவிடும்; இரண்டு பேருந்துகள் ஒட்டிக்கொண்டு வந்து, அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வராது.