கிளட்சும் திருகையும்

வணக்கம்ணே. காரைக்குடிலேர்ந்து எழுதுறேன், பேர் போட வேண்டாம். வயசு 46. வீட்டுக்காரக சிங்கப்பூர்ல, பிள்ளைக ரெண்டும் சென்னைல, வீட்டுல நானும் அயித்தையும்தான். ஒரு பழைய ஆல்டோ தூசி படிஞ்சு நிக்கிது, எங்க போகணும்னாலும் டிரைவருக்கு போன் போட்டுட்டு அவர் வர்ற வரைக்கும் முகப்புல உக்காந்திருக்கணும். அயித்தைக்கு நம்ம நகரத்தார் ஒம்பது கோயிலையும் இன்னொரு தடவ பாத்துறணும்னு ஆச, அதுக்காகவே டிரைவிங் ஸ்கூல்ல சேந்து 20 நாள் போயி லைசென்ஸும் வாங்கிட்டேன். அங்க நல்லாத்தான் ஓட்டுனேன், 'உங்களுக்கு ஈசியா வருதும்மா'ன்னு சார்கூட சொன்னாரு. ஆனா எங்க வண்டிய எடுத்தா நாலு தெரு தாண்டுறதுக்குள்ள ஏழு தடவ ஆஃப் ஆகுது. போன வாரம் பெரியார் சிலைகிட்ட நட்ட நடுவுல நின்னுருச்சு, பின்னாடி டவுன் பஸ், அந்த டிரைவர் அடிச்ச ஹார்ன்ல கை கால் உதறி எது கிளட்ச் எது பிரேக்னே மறந்துபோச்சு. கடைசில தெரிஞ்ச ஜவுளிக்கடைப் பையன் வந்து ஓரம் கட்டிக் குடுத்தான். சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்காரக 'அத வித்துட்டு ஆட்டோமேட்டிக் வாங்கிக்க'ங்கிறாக. எனக்கு மனசு ஒப்பல. உங்க அப்பா டிரைவரா இருந்தத நீங்க முன்னாடி எழுதிருந்தீக, அதான் கேக்குறேன். இந்த வயசுல கியர் வண்டி வருமா வராதா?

ஆச்சி, வணக்கம்.

வயச விடுங்க. அந்த 20 நாள்ல உங்க இடது கால் எத்தன நாள் வேல பாத்துச்சுன்னு யோசிச்சீகளா? ஸ்கூல் வண்டில சொல்லிக்குடுக்கிறவர் காலடியிலயும் ஒரு கிளட்ச் ஒரு பிரேக் இருக்கும், டூயல் கண்ட்ரோல்ம்பாக, சட்டப்படி இருந்தே ஆகணும், இருக்கவும் வேணும், இல்லாட்டி ஊர்ல எத்தன திண்ணை இடிஞ்சிருக்குமோ. ஆனா நீங்க வெடுக்குன்னு கால எடுக்கிறப்பல்லாம் அவரு பேசிக்கிட்டே அந்தப் பக்கம் சத்தமில்லாம அமுக்கிப் பிடிச்சுக்குவாரு, வண்டி ஆஃப் ஆகாது, நம்மதான் ஓட்டுறோம்னு நமக்கு ஒரு நெனப்பு. அவர் மேல தப்பு சொல்லல, பின்னாடி பஸ் வர்றப்ப அவருந்தான் என்ன செய்வாரு. இன்னொன்னும் விசாரிச்சுப் பாருங்க, ஸ்கூல் வண்டி டீசலா இருந்திருக்கலாம். டீசல் இஞ்சின் மெதுவா சுத்தும்போதே நல்லா இழுக்கும், கிளட்ச கொஞ்சம் அவசரமா விட்டாலும் பொறுத்துக்கும். உங்க ஆல்டோ சின்ன பெட்ரோல் இஞ்சின், பொசுக்குன்னு கோவிச்சுக்கும்.

எங்க அப்பா தேவகோட்டைல ஒரு பெரிய வளவு வீட்டுல டிரைவர். வண்டி அம்பாசடர், கியர் ராடு ஸ்டியரிங்குக்குப் பக்கத்துலயே இருக்கிற பழைய மாடல். அந்த வீட்டு ஆச்சி ஒருநா அப்பாவக் கூப்பிட்டு 'அந்தக் கிளட்ச்ங்கிறது எதுக்கு, அத மட்டும் சொல்லு'ன்னு கேட்டாகளாம். அப்பா ரெண்டாங்கட்டுல கெடந்த, மாவு திரிக்கிற திருகையக் காட்டிச் சொல்லிருக்காரு. மேக்கல்லு இஞ்சின், அது எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும், நிக்காது. கீழ்க்கல்லு சக்கரத்துக்குப் போறது, இப்ப அசையாம கெடக்கு. ரெண்டையும் படக்குன்னு ஒட்டவச்சா மேக்கல்லு திக்கி நின்னுரும், வண்டி ஆஃப் ஆகுதுங்கிறது அதுதான். கொஞ்சம் கொஞ்சமா நெருக்குனா உரசி உரசி கீழ்க்கல்லும் சேந்துக்கிட்டு சுத்த ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் ரெண்டும் ஒரே கல்லு மாதிரி. பெடல அமுக்குனா கல்லப் பிரிக்கிறோம், விட்டா சேக்குறோம், வேற ஒன்னுமில்ல. உள்ள இருக்கிறது கல்லுக்குப் பதிலா ஃப்ளைவீலும் கிளட்ச் பிளேட்டும், சும்மா நிக்கும்போதே இஞ்சின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 800 சுத்து சுத்துது, அசையாத ஒன்ன அதுகூட சேக்கணும்னா நேரம் குடுக்கணும்ல. அந்த ஆச்சி விடியக்காலைல கண்மாய்க்குள்ள வண்டி ஓட்டிப் பழகுனாக, நல்லாவே ஓட்டுனாகளாம், ஆனா கடைசி வரைக்கும் ரோட்டுக்கு எடுத்துட்டு வரல, நாலு பேர் என்ன சொல்லுவாகன்னு. அப்பாவுக்கு அதுல ரொம்ப வருத்தம். உங்க கடிதத்துல 'ஊருக்கே தெரிஞ்சுபோச்சு'ன்னு படிச்சதும் எனக்கு அவுக ஞாபகந்தான் வந்துச்சு.

இப்ப கண்மாயெல்லாம் சீமைக்கருவேலம், அங்க பழக முடியாது. ஞாயித்துக்கிழம காலைல ஆறு மணிக்கு கானாடுகாத்தான் போங்க, அதுவரைக்கும் உங்க டிரைவரே ஓட்டட்டும். நேர்கோடு போட்ட மாதிரி அகலத் தெரு, ரெண்டு பக்கமும் அரண்மனை மாதிரி வீடு, பாதிக்கு மேல பூட்டிக் கெடக்கு, ஹார்ன் அடிக்க ஆளில்ல. ரொம்பப் போனா ஃபோட்டோ எடுக்க வந்தவுக ரெண்டு பேர் பாப்பாக, பாக்கட்டும். டிரைவர் பக்கத்து சீட்டுல உக்காரட்டும், ஆனா வாயத் திறக்கக் கூடாது, ஹேண்ட் பிரேக்க மட்டும் பாத்துக்கட்டும்.

செருப்பக் கழட்டிருங்க. ஆக்சிலேட்டர் பக்கமே போகாதீக. கிளட்ச முழுசா அமுக்கி ஃபர்ஸ்ட் கியர் போட்டு, குதிகால தரைல ஊனிக்கிட்டு முன்பாதத்த மட்டும் மயிரிழை மயிரிழையா மேல விடுங்க. ஒரு எடத்துல இஞ்சின் சத்தம் கம்மி அடங்கும், வண்டிக்குள்ள ஒரு சின்ன அதிர்வு வரும், அங்க கால அப்படியே நிறுத்துங்க, வண்டி தானா ஊர ஆரம்பிக்கும். அதுதான் பைட்டிங் பாயிண்ட். அந்த எடம் ஒவ்வொரு வண்டிலயும் ஒவ்வொரு உசரத்துல இருக்கும், ஸ்கூல் வண்டில பழகுன கால் உங்க வண்டில ஏமாந்து போறது அதனாலயுந்தான். ஊர்ந்த உடனே ஆஹா கெளம்பிருச்சுன்னு சந்தோஷத்துல மிச்சத்த வெடுக்குன்னு விட்டுறாதீக, நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு அங்கதான் ஆஃப் ஆகும், இன்னும் ரெண்டு மூனு அடி வண்டி உருளட்டும், அப்புறம் விடுங்க. நிறுத்துங்க, திரும்பவும் அதே. ஒரு காலைல அம்பது தடவ. 'அமுக்கும்போது யோசிக்காத, விடும்போது யோசி'ன்னு அப்பா எனக்குச் சொல்லுவாரு, நான் நேர்மாறா செஞ்சு ரிவர்ஸ்ல ஊருணிப் படில பின் சக்கரத்த எறக்குன ஆளு, ஏழு பேர் சேந்து தூக்குனாக.

ரிவர்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது, வண்டி முழுசா நின்னப்புறந்தான் ரிவர்ஸ் போடணும், முன்னாடி போற கியருக்கெல்லாம் இருக்கிற சிங்க்ரோமெஷ், அதாவது வேகத்த ஒத்துப்போக வச்சு கியர சத்தமில்லாம சேக்கிற அமைப்பு, பல வண்டில ரிவர்ஸுக்குக் கிடையாது, கறகறன்னு கத்தும்.

செகண்டு தேர்டு பத்தியெல்லாம் கவலப்படாதீக, கால் சரியாயிட்டா கை தானா போகும். இஞ்சின் உறுமுனா மேல, தெணறுனா கீழ. மேடுதான் கொஞ்சம் பாடுபடுத்தும். கண்மாய்க் கரைக்கு ஏறுற சரிவு ஒன்னப் பாத்து, ஹேண்ட் பிரேக்க இழுத்து வச்சுக்கிட்டு, அந்த அதிர்வு வர்ற வரைக்கும் கிளட்ச விட்டு, லேசா ஆக்சிலேட்டர் குடுத்து, வண்டி மூக்கத் தூக்குறப்ப ஹேண்ட் பிரேக்க எறக்குங்க, பின்னாடி ஒரு விரக்கடைகூட உருளாது. ஆனா நிக்கிற எடத்துல கிளட்ச பாதி அமுக்குன ஹாஃப் கிளட்ச்லயே வண்டியத் தாங்கிப் பிடிக்கிற பழக்கம் வேண்டாம், கல்லு உரசிக்கிட்டே இருந்தா தேயத்தான செய்யும், கருகல் வாட அடிக்கும், பிளேட் மாத்துறது சின்ன செலவில்ல. நின்னா நியூட்ரல்.

பெரியார் சிலைகிட்ட திரும்பவும் ஆஃப் ஆகும். ஆகட்டும். பிரேக்க அமுக்கி நியூட்ரலாக்கி, சாவியத் திருகி, ஃபர்ஸ்ட் போட்டுக் கெளம்புறதுக்கு அஞ்சாறு செகண்டு ஆகுமா? அந்த பஸ் டிரைவருக்கு அதுக்குக்கூட பொறுமை இல்லைன்னா எறங்கி வந்து தள்ளட்டும்.

ஆட்டோமேட்டிக் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. 2014-ல அம்பாசடர் செய்யிறத நிறுத்திட்டாகன்னு பேப்பர்ல வந்த அன்னைக்கு அப்பா ராத்திரி சாப்பிடல. அதே வருஷந்தான் மாருதி செலேரியோ கார்ல ஏஎம்டிங்கிற ஆட்டோமேட்டிக் கியர் வந்துச்சு. எங்கிட்ட அதப் பத்திக் கேட்டாரு, நான் சொன்னேன், அதே கிளட்ச் அதே கியர்தான்ப்பா, காலுக்குப் பதிலா மிஷினே அமுக்கி விடுதுன்னு. 'அப்ப ஸ்கூல் சார உள்ளயே உக்கார வச்சுட்டான்'னாரு. முழங்கால் வலி இருந்தாலோ தெனம் மதுரை நெரிசல்ல ஓட்டுறதா இருந்தாலோ நானே வாங்கச் சொல்லுவேன். உங்களுக்கு மனசு ஒப்பலைன்னு நீங்களே எழுதிட்டீக. அந்த ஹார்னுக்குப் பயந்து வித்தீகன்னா புது வண்டிலயும் அதே ஹார்ன்தான் கேக்கும்.

மூனு ஞாயிறு கானாடுகாத்தான். அப்புறம் அயித்தைய ஏத்திக்கிட்டு மாத்தூரும் இலுப்பைக்குடியும் போயிட்டு வாங்க, பக்கத்துல பக்கத்துல இருக்கு. இரணியூரு, வைரவன்பட்டியெல்லாம் கை பழகுனப்புறம். பிள்ளையார்பட்டிய கடைசிக்கு வைங்க, சதுர்த்தி அன்னைக்குப் போயிறாதீக, அங்க பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுக்கிறதுக்குள்ள எனக்கே வேர்த்துரும்.

அப்புறம் கழட்டுன செருப்ப டிரைவர் சீட்டுக்கடியில போடாதீக, நழுவி பிரேக்குக்கு அடியில போயிரும். பின் சீட்டுல அயித்தை காலடியில போட்டுருங்க.