சுவர் ஓதம், பூஞ்சை, ஈரக்காற்று: கேள்வி பதில்

கேள்வி: பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் திரும்ப வந்துவிட்டது. எந்த பெயிண்ட் நல்லது சார்?

பதில்: பெயிண்டை விடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதை அடித்தாலும் காசுக்குக் கேடு. அலுமினியத் தாளை அந்த இடத்தில் வைத்து, நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது.

உங்களுக்கு முதல் வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வெளிச்சுவரை ஒட்டி பீரோ நின்றால் பின்னால் காற்று ஓடாது, சுவரும் குளிர்ந்தே கிடக்கும். பீரோவை நாலு விரல்கடை தள்ளிப் போடுங்கள். முகக்கவசம், கையுறையோடு சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு பெயிண்டைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் தரையை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இதுவும் பூஞ்சையா?

பதில்: ஒரு சிட்டிகை சுரண்டித் தண்ணீரில் போடுங்கள். கரைந்தால் உப்பு, பூஞ்சை கரையாது. நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் நீர் ஆவியாகிப் போய்விடும், அது கொண்டுவந்த உப்பு அங்கேயே தங்கும். இதைக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். இங்கே நீர்புகாப் பூச்சு அடிக்கச் சொல்பவர்கள் நிறையப் பேர். அடித்தால் ஈரம் பூச்சுக்கு மேலே ஏறி அங்கே பூக்கும்.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். மண் மேடு வீட்டுத் தரைமட்டத்துக்கு மேல் ஏறியிருக்கிறதா, மழைநீர் சுவரடியில் தேங்குகிறதா? பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். கறை கூரைக்குப் பக்கத்தில் இருந்தால் கதை வேறு, அது கசிவு. எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் நகர்கிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி: மழை நாளில் ஜன்னலைத் திறக்கலாமா அண்ணா? வெளியே ஈரப்பதம் 95 சதவீதம் காட்டுகிறது.

பதில்: சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் நீராவிதான் தாங்கும், 30 டிகிரிக் காற்று 30 கிராம் வரை தாங்கும். வெளியே 20 டிகிரியில் 95 சதவீதம் என்றால் 16 கிராம் சொச்சம். உள்ளே 30 டிகிரியில் 60 சதவீதம் என்றால் 18 கிராம். ஆக மழைக்காற்றுதான் உலர்ந்தது, தாராளமாகத் திறங்கள்.

வெக்கையும் புழுக்கமுமான நாளில் இதுவே தலைகீழ். ஏசி போட்ட அறையில் அப்போது ஜன்னலைத் திறந்தால், உள்ளே வரும் ஈரம் குளிர்ந்த சுவரில் முத்து முத்தாகப் படியும்.

கேள்வி: என்னுடைய ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு பதத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். கருவியையும் மூடியையும் காற்றுப் புகாத கவரில் ஒன்றாக வைத்து ஓர் இரவு விடுங்கள். 75 காட்ட வேண்டும். வித்தியாசத்தைக் குறித்துவைத்துக் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். வீட்டில் 40 முதல் 60 வரை இருந்தால் போதும்.

கேள்வி: அறையில் கிண்ணம் கிண்ணமாக உப்பு வைத்தால் ஈரம் போகுமாமே?

பதில்: போகாது. மேலே சொன்ன அதே 75தான் காரணம். அதற்குக் கீழே சாதா உப்பு ஈரத்தை இழுக்காது. மூடிய அலமாரிக்குக் கால்சியம் குளோரைடு டப்பா உதவும், முழு அறைக்கு அதுவும் பத்தாது.

கேள்வி: ஏசி ஓடியும் உடம்பு பிசுபிசுக்கிறது.

பதில்: அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏசியாக இருக்கலாம். சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடுவதால் ஈரத்தை உறிஞ்ச நேரம் கிடைப்பதில்லை. ட்ரை மோடில் ஓட்டிப் பாருங்கள். அறைக்குள் துணி காயப்போடும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், ஒரு நடை துணியிலிருந்தே இரண்டு லிட்டர் தண்ணீர் வரை காற்றில் கலக்கும்.