மாடு அசைபோடுகிறதா, பூனைக்குத் திமிரா: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதிலும்

இந்த மாதம் வந்தவற்றில் பாதி, 'டாக்டர், இது என்ன?' என்ற ஒற்றை வரியும் பத்து விநாடி வீடியோவும்தான். எப்போதிலிருந்து, தின்கிறதா, சாணியும் மூத்திரமும் எப்படி? இவை இல்லாவிட்டால் ஜோசியரிடம் கேளுங்கள்.

கே: ஐயா, செம்பனைக் காட்டில் மேயும் எங்கள் மாடு நேற்றிலிருந்து தனியாக நிற்கிறது. காய்ச்சல் இல்லை. பொறுத்துப் பார்க்கலாமா?

ப: அசைபோடுகிறதா என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். நல்ல மாடு நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். இரண்டு நிமிடத்தில் மூன்று தடவையாவது வயிறு புரண்டு கையைத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் இன்றே மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் புல் மருந்து அடித்தார்களா என்று தோட்டத்தை மேற்பார்க்கும் மண்டோரிடமும் கேளுங்கள்.

சுங்கை சிப்புட் பக்கம் பால் கறக்கும் ஓர் அம்மா ஒருநாள் விடியுமுன் வந்து, 'ராத்திரி கொட்டகையில் மெல்லும் சத்தமே கேட்கவில்லை, டாக்டர்' என்றார். வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை. போய்ப் பார்த்தேன். மாட்டின் வயிற்றில் விரலை அழுத்தினால் பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் குழி அப்படியே நின்றது. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை வாளிக்கணக்கில் தின்றிருந்தது. அந்த அம்மாவின் காது என் ஸ்டெதஸ்கோப்பை விட நல்ல காது.

கே: நாய் புல் தின்று வாந்தி எடுக்கிறது.

ப: எப்போதாவது என்றால் விடுங்கள். தினமும் என்றாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ கொண்டு வாருங்கள்.

கே: எங்கள் கடுவன் பூனை நேற்றிலிருந்து மண் தட்டை விட்டுவிட்டு மெத்தையிலும் மூலையிலும் குந்துகிறது. திமிர் அதிகமாகிவிட்டது. இரண்டு போட்டால் சரியாகுமா?

ப: திமிர்! இந்த நோயின் பெயரை இருபது வருஷமாகக் கேட்கிறேன். நாய் கடித்தால் திமிர், மாடு உதைத்தால் திமிர், ஆடு எழுந்திருக்காவிட்டால் சோம்பல். உங்கள் கடுவனுக்கு மூத்திரக்குழாய் அடைத்திருக்கலாம். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். முழுக்க அடைத்தால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடும். தட்டில் போனபோது வலித்ததால் அந்தத் தட்டையே வெறுத்து வேறு இடம் தேடுகிறது. குந்தி முக்கியும் சொட்டுத்தான் வருகிறதா? கத்துகிறதா? அடியை நக்கிக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் இதைப் படித்து முடிக்காமல் கிளம்புங்கள். மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றி ஒரு நாளைத் தொலைத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடித்தாலோ கட்டிலுக்கடியில் போய் ஒளியும், அப்புறம் நோய் கண்ணுக்கே தெரியாது.

வலிக்குமே என்று வீட்டு மாத்திரையையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பாகும், மூஞ்சி வீங்கும். போன மாதமும் எழுதினேன், அடுத்த மாதமும் எழுதுவேன்.

கே: லயத்து (தோட்டக் குடியிருப்பு) நாய் இரண்டு நாளாகப் படுத்தே கிடக்கிறது. முன்பெல்லாம் மோட்டார் சத்தம் கேட்டாலே ஓடி வரும்.

ப: உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அவசரம். தோட்டத்தில் எலி மருந்து வைத்தார்களா? அதை ஏன் எழுதவில்லை? வார்ஃபரின் வகை மருந்தைத் தின்ற அன்று ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் உள்ளே ரத்தம் கசியும். வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம். உண்ணிக் காய்ச்சலும் இப்படிப் படுக்க வைக்கும்.

கே: சாதுவான நாய் திடீரென்று எல்லாரையும் கடிக்க வருகிறது. குரலும் மாறியிருக்கிறது.

ப: கிட்டே போகாதீர்கள், பிடித்துக் கட்டவும் பார்க்காதீர்கள். கால்நடை இலாகாவைக் கூப்பிடுங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017இல் சரவாக்கிலும் வெறிநாய் நோய் தலைகாட்டியது. யாரையாவது கடித்திருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் குழாயடியில் கழுவிவிட்டு நேரே கிளினிக்.

கே: பெட்டைப் பூனை தரையில் உருண்டு ராத்திரி முழுக்கக் கத்துகிறது. வயிற்றுவலியா, டாக்டர்?

ப: நன்றாகத் தின்று, உருண்டு, உங்கள் காலில் உரசினால் வலி இல்லை, பருவம். கருத்தடை செய்துவிடுங்கள். பக்கத்து லயத்துக் கடுவனைக் கேட்டிருந்தால் இதை முதல் நாளே சொல்லியிருக்கும்.