ஆறிய மடி மறுபடி வீங்குவது ஏன்?

"மூன்றாம் ஈற்றுப் பசு. வலது பின்காம்பில் பால் திரித்திரியாக வந்தது. காம்புக்குள் செலுத்தும் டியூப் மருந்தை இரண்டு வேளை போட்டதும் பால் தெளிந்துவிட்டது, அதோடு நிறுத்திவிட்டோம். இருபதே நாளில் அதே காம்பு மறுபடி கெட்டுவிட்டது. வேறு மருந்துக்கு மாற வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இது மடிநோய், கிருமி புகுந்து மடி வீங்கும் நோய். மருந்தை மாற்றுவது அப்புறம். உள்ளே இருக்கும் கிருமி எது என்று முதலில் தெரிய வேண்டும். பால் தெளிவது வேறு, கிருமி ஒழிவது வேறு. நீங்கள் பார்த்த திரி, கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளணுக்களும் உறைந்த புரதமும் சேர்ந்த கட்டிதான். வீக்கம் கொஞ்சம் தணிந்தாலே அது நின்றுவிடும். கிருமி பாதி உயிரோடு இருக்கும்போதே பால் பார்வைக்கு நல்ல பாலாகிவிடும். நன்றாகப் பராமரிப்பவர்கள்கூட ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பசுவின் மடியில் நான்கு பகுதிகள் உண்டு. ஒன்றின் பால் இன்னொன்றுக்குப் போக உள்ளே வழி கிடையாது. அதனால் அதே காம்பு திரும்பக் கெட்டால், பழைய கிருமி ஒளிந்திருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இதில் பேர்போனது. செல்லுக்குள்ளேயே புகுந்துகொள்ளும், மடித்திசுவில் சிறு சிறு சீழ்க்கட்டிகளாகத் தங்கும். உடல் அதைச் சுற்றித் தழும்புச் சுவர் எழுப்பும். அந்தச் சுவரைத் தாண்டி மருந்து போதுமான அளவு உள்ளே போகாது. அதே நேரம், சாணத்திலும் ஈரத் தரையிலும் இருக்கிற வேறொரு கிருமி புதிதாகப் புகுந்திருக்கவும் கூடும். பாலைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

பால் மாதிரியை அடுத்த டியூப் போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். காம்பைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். முதல் சில பீச்சுப் பாலை விட்டுவிடுங்கள். 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் காம்பு நுனியை, பஞ்சில் அழுக்கு ஒட்டுவது நிற்கும்வரை துடைத்து, உலர விடுங்கள். கிருமி நீக்கிய புட்டியைச் சாய்த்துப் பிடித்து, வாய் காம்பில் படாமல் பீய்ச்சி, உடனே மூடிப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புங்கள். புட்டி வாயில் ஒரு விரல் பட்டால்கூட விரலில் இருந்த கிருமிதான் ஆய்வகத்தில் வளரும். ஸ்டெஃபைலோகாக்கஸ் பாலில் விட்டு விட்டுத்தான் வெளிப்படும், ஆகவே ஒரு முறை கிருமி இல்லை என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள்.

மருத்துவர் ஐந்து வேளை எழுதினால் ஐந்தும் போட வேண்டும், பால் இரண்டாம் வேளையிலேயே தெளிந்தாலும் சரி. காம்பில் பாலை முழுக்கக் கறந்துவிட்டு, நுனியைச் சுத்தம் செய்து, டியூபின் முனையை மேலாகச் சில மில்லிமீட்டர் மட்டும் செலுத்துங்கள். முழு முனையையும் குத்தி இறக்கினால் காம்புத் துளையின் உள்பூச்சு கிழியும், வாசலில் இருந்த கிருமியை நாமே உள்ளே தள்ளியதாகவும் ஆகும். மருந்து போட்டது ஒரு காம்பில்தான் என்றாலும் ரத்தம் வழியாக மற்ற காம்புகளின் பாலிலும் கலக்கும். மருந்துக்கென்று குறிப்பிட்ட நாள் முடியும்வரை நான்கின் பாலையும் விற்கவோ குடிக்கவோ கூடாது. கன்றுக்கும் ஊட்டாதீர்கள்.

இளம் பசு, ஒரே காம்பு, நோய் புதிது என்றால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. பல ஈற்றுக் கண்ட மாடு, மடியில் கட்டி தட்டிவிட்டது என்றால் கறவைக் காலத்தில் திரும்பத் திரும்ப மருந்து போடுவதை நான் ஆதரிப்பதில்லை. பால் வற்ற விடும்போது போடுகிற நீண்ட நாள் மருந்துக்கு அதைவிடப் பலன் அதிகம். அதற்கும் மசியாவிட்டால் அந்தக் காம்பை மட்டும் நிரந்தரமாக வற்ற விடலாமா என்று மருத்துவரோடு பேசுங்கள்.

மற்ற மாடுகளை மறந்துவிடாதீர்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் கறப்பவர் கை, துணி, இயந்திரக் குழாய் வழியாகத்தான் பெரும்பாலும் பரவும். வெளியே ஒன்றும் தெரியாமலேயே பாலில் செல் (பெரும்பாலும் வெள்ளணு) எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 2 லட்சத்தைத் தாண்டியிருக்கலாம். கலிபோர்னியா மடிநோய் சோதனை அதைத் தொழுவத்திலேயே காட்டிவிடும்: பாலும் சோதனை நீரும் சம அளவு விட்டுத் தட்டைச் சுழற்றினால், செல்கள் உடைந்து கலவை கூழாகத் திரளும். வெள்ளாட்டுப் பாலில் இயல்பாகவே செல் அதிகம், அதனால் லேசாகத் திரண்டாலே நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியில் கறங்கள். முன்பாலைக் கருப்புக் கிண்ணத்தில் பீய்ச்சிப் பாருங்கள், தரையில் வேண்டாம். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, உடனே தீவனம் வையுங்கள். காம்புத் துளை மூட அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை மாடு படுக்காமல் நிற்கட்டும்.

இன்னொன்று, இது காத்திருக்காது. கன்று ஈன்ற சில நாளில் பால் மஞ்சள் நீராக வந்து, காய்ச்சல் கண்டு, மாடு தீனியை விட்டுப் படுத்துவிட்டால் அது ஈ.கோலி போன்ற கிருமியின் நஞ்சாக இருக்கலாம். ஆட்டின் மடி சில்லிட்டு நீலம் பாய்ந்தாலும் காத்திருக்காதீர்கள், திசு அழுகத் தொடங்கியிருக்கும். அந்த மணி நேரத்திலேயே மருத்துவரை அழையுங்கள்.

உங்கள் பசுவுக்கு வருவோம். அடுத்த முறை கறந்து முடித்து மடி தளர்ந்ததும், வலது பின்பகுதியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெல்ல அமுக்குங்கள். நல்ல மடி பஞ்சு மாதிரி அமுங்கும். கல் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் எந்த இடம், எவ்வளவு பெரிது என்று குறித்து, மருத்துவரிடம் மாதிரியோடு சேர்த்துச் சொல்லுங்கள்.