பாதித் தைராய்டை எடுத்தால் ஆயுள் முழுக்க மாத்திரையா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 38. வலப்பக்கத் தைராய்டில் 3 செ.மீ. கட்டி. ஊசிப் பரிசோதனையில் 'பெதஸ்டா 4' என்று வந்திருக்கிறது. வலது பாதியை மட்டும் எடுக்கச் சொல்கிறார்கள். அப்புறம் ஆயுளுக்கும் மாத்திரையா? குரல் போய்விடுமா?

பதில்: பெதஸ்டா என்பது ஊசியில் எடுத்த செல்களைத் தரம் பிரிக்கும் ஆறு படி அளவுகோல். 4 என்றாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்கு அது சாதாரணக் கட்டியாகத்தான் முடிகிறது. ஆனால் கட்டியின் உறையை செல்கள் துளைத்திருக்கின்றனவா என்பது ஊசியில் வரும் துளியில் தெரியாது. முழுக் கட்டியும் வேண்டும். அதற்குத்தான் இந்த அறுவை சிகிச்சை. எடுத்த கட்டியின் பயாப்ஸியில் புற்று உறுதியாகிப் பரவலாக ஊடுருவியிருந்தால், மறுபாதியையும் எடுக்க நேரலாம்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு, தேவையான தைராய்டு ஹார்மோனைச் சுரக்க மீதிப் பாதியே போதும்; மாத்திரை வேண்டாம். அறுவைக்கு முன்பே டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), ஆன்டி-டிபிஓ (தைராய்டுக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள்) என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் பார்த்துவிடுங்கள். முதலாவது 2.5-ஐத் தாண்டியிருந்தாலோ, இரண்டாவது பாசிட்டிவாக இருந்தாலோ மாத்திரை தேவைப்படும் வாய்ப்பு கூடும். அறுவைக்குப் பின் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் பாருங்கள். பத்தாம் நாளே பார்ப்பது வீண் செலவு. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஹார்மோன் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். மாத்திரை எழுதினால் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபிகூட அரை மணி கழித்துத்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள். காபியோடு விழுங்கிவிட்டு, டோஸ் பற்றவில்லை என்று கூட்டிக்கொண்டே போகிறவர்கள் ஏராளம்.

குரல் நாணை அசைக்கும் நரம்பு தைராய்டின் பின்பக்கமாக ஒட்டியே ஓடுகிறது. இழுபட்டால் சில வாரம் குரல் கம்மும், தண்ணீர் புரையேறும், பெரும்பாலும் சரியாகிவிடும். நிரந்தரப் பாதிப்பு நூற்றில் ஒருவருக்கு வரலாம். மேலே இன்னொரு மெல்லிய நரம்பு உண்டு; அது அடிபட்டால் பேச்சு வரும், உச்சக் குரல் எழும்பாது. மனைவி பாடுகிறவர், ஆசிரியர் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குரல் நாணை ஸ்கோப் வைத்து முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று, ரத்தக்கசிவு. அபூர்வம்தான், வந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். கட்டுத்துணி சுத்தமாக இருக்கும், உள்ளே ரத்தம் தேங்கிக் கழுத்து இறுகும், மூச்சு முட்டும். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகக்கூடாது. படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டும். இரவில் அதைச் செய்யத் தெரிந்த டாக்டர் வார்டில் இருப்பாரா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.